பழைய கேரவன் வண்டிக்குச் சக்கரமும் டயரும் மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலக்கடையிலிருந்து மாதவரம் செல்லும் சாலையில் உள்ள எங்கள் பட்டறைக்கு, இருபது முப்பது ஆண்டுகள் ஓடிய ஸ்வராஜ் மஸ்தா, டெம்போ டிராவலர் போன்ற வண்டிகளை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் வருகிறார்கள். உள்ளே பொருத்தும் பலகைக்கும் விளக்குக்கும் மாதக்கணக்கில் யோசிப்பவர்கள், அந்த வீட்டையே தாங்கும் ஆறு டயர்களைக் கடைசி நாளில் அவசரமாக முடிவு செய்வதைப் பார்த்துப் பார்த்து வருத்தப்பட்டதால்தான் இந்தக் கேள்விகளையும் பதில்களையும் எழுதி வைத்தேன்.

முதலில் எதை முடிவு செய்வது, டயரையா, டிஸ்க்கையா (டயர் உட்காரும் இரும்புச் சக்கரம்)?

இரண்டையும் அல்ல, வண்டியின் எடையை. பயணிகளை ஏற்றிச் சென்ற வண்டியில் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். சுமை வந்தது, போனது. கேரவனாக மாற்றிய பிறகு அதே சுமை இருபத்து நான்கு மணி நேரமும், வண்டி நின்றிருக்கும்போதும், டயரின் மேலேயே இருக்கிறது. பழைய டயர் என்ன அளவு என்று பார்த்து அதையே திரும்பப் போடுவது, இருக்கைகள் இருந்த காலத்து வண்டிக்கு டயர் போடுவதாகும்.

மாதவரத்திலும் மணலியிலும் லாரிகளுக்காக எடை மேடைகள் பல இருக்கின்றன. வண்டியைப் பயணத்துக்குப் புறப்படும் நிலையிலேயே கொண்டு செல்லுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும், சிலிண்டரும் பேட்டரியும் பாத்திரங்களும் அவற்றின் இடத்தில் இருக்க வேண்டும், பயணம் செய்யப்போகிற அனைவரும் உள்ளே அமர்ந்திருக்க வேண்டும். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு, முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு சீட்டு வாங்குங்கள். மேடையின் பக்கவாட்டுத் தரை அதே மட்டத்தில் இருந்தால், இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றியும் எடை பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கடைசிச் சீட்டு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பின் அச்சில் 3,120 கிலோ இருக்கிறது, பின்னால் நான்கு டயர்கள் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் ஒரு டயருக்கு 780 கிலோ வரும். ஆனால் அடுப்பு மேடையும் 200 லிட்டர் தண்ணீரும் இடப்பக்கமே இருந்தால், இடப்பக்கம் 1,720 கிலோவும் வலப்பக்கம் 1,400 கிலோவுமாகப் பிரிந்திருக்கலாம். அப்போது இடப்பக்க டயர் ஒவ்வொன்றும் 860 கிலோ சுமக்கிறது. டயர் வாங்க வேண்டியது இந்த 860-க்கு; அதற்கு மேலும் ஐந்தில் ஒரு பங்கு கையிருப்பு வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். முடிந்தால் தொட்டியை வலப்பக்கத்துக்கு மாற்றுங்கள். அது எந்த டயரை விடவும் மலிவான திருத்தம்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது?

7.50-16 என்றால் டயரின் அகலம் ஏறத்தாழ ஏழரை அங்குலம், அது உட்காரும் டிஸ்க்கின் விட்டம் 16 அங்குலம். நடுவில் சிறு கோடு இருந்தால் அது நைலான் டயர். கோட்டுக்குப் பதிலாக 'ஆர்' இருந்தால் ரேடியல். 16 பிஆர் (பிளை ரேட்டிங்) என்பது உறுதியின் அளவுகோலே தவிர, உள்ளே பதினாறு அடுக்கு நூல் இருக்கிறது என்று பொருளல்ல.

நீங்கள் தேட வேண்டிய எண் சுமைக் குறியீடு. '121/120 எல்' என்று பொறித்திருந்தால், தனி டயராக ஓடும்போது 1,450 கிலோவும், பக்கத்துக்கு இரண்டாக, ஜோடியாக ஓடும்போது ஒவ்வொன்றும் 1,400 கிலோவும் தாங்கும் என்று பொருள். 'எல்' என்பது மணிக்கு 120 கிலோமீட்டர் வேக வரம்பு. 115 என்றால் 1,215 கிலோ, 118 என்றால் 1,320 கிலோ. ஜோடி டயருக்கு எண் குறைவாக இருப்பதற்குக் காரணம், இரண்டும் எப்போதும் சமமாகச் சுமப்பதில்லை என்பதுதான். இந்தியாவில் விற்கும் டயரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும்; வணிக வாகன டயருக்கான தரம் ஐஎஸ் 15636. அந்த முத்திரை இல்லாத டயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

நைலானிலிருந்து ரேடியலுக்கு மாறுவது பயனுள்ளதா?

கேரவனுக்கு ஆம் என்பதே என் கருத்து. நைலான் டயரில் நூல் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்வாகக் குறுக்கிட்டு ஓடுகின்றன. சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் அவை ஒன்றோடொன்று உரசிச் சூடாகின்றன. ரேடியலில் நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்கின்றன, தரையில் படும் பகுதிக்கு அடியில் எஃகுப் பட்டைகள் இருக்கின்றன. பக்கச்சுவர் வளைந்தாலும் தரையில் படும் பகுதி தட்டையாகவே நிற்பதால் சூடு குறைகிறது, பிடிப்பு கூடுகிறது, தேய்மானம் குறைகிறது. மே மாத நண்பகலில் நெல்லூர்ப் பக்கம் நாள் முழுதும் ஓட்டுபவருக்கு, அந்தச் சூட்டுக் குறைவு ஒன்றே போதுமான காரணம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ரேடியலின் பக்கச்சுவர் மெல்லியது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளிலிருந்து விழுந்து கிடக்கும் இரும்புத் துண்டில் பக்கவாட்டில் உரசினால் நைலானை விட எளிதில் கிழியும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில், நின்ற இடத்தில் திருப்பும்போது கை வலிக்கும். பக்கச்சுவர் இயல்பாகவே சற்றுப் புடைத்து நிற்பதால், கண்ணால் பார்த்துக் காற்று போதுமா என்று சொல்லவே முடியாது.

ஒரே அச்சில் நைலானையும் ரேடியலையும் கலக்கவே கூடாது. ஸ்டெப்னியும் ரேடியலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் பஞ்சரிலேயே கலப்பு நேர்ந்துவிடும்.

இப்போதுள்ள டிஸ்க்கிலேயே ரேடியல் போடலாமா?

டிஸ்க் அதற்கு ஏற்றதா என்று பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். ரேடியலின் பக்கச்சுவர் வளையும்போது அந்த விசை டிஸ்க்கின் விளிம்புக்குப் புதிய விதத்தில் போய்ச் சேருகிறது. நைலானுக்கென வடிவமைத்த பழைய டிஸ்க்குகள் அதைத் தாங்காமல் விரிசல் விடுவதுண்டு.

எங்கள் பட்டறையில் செய்யும் சோதனையை நீங்களும் செய்யலாம். டயரைக் கழற்றி, டிஸ்க்கைத் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல டிஸ்க் கோயில் மணி போலக் 'கணீர்' என்று சற்று நேரம் ஒலிக்கும். விரிசல் உள்ளது 'டொக்' என்று அடங்கிவிடும். பிறகு கம்பித் தூரிகையால் துருவை முழுக்க எடுத்துவிட்டு, போல்ட் துளைகளுக்கு இடையிலும், நடுத்தட்டு வளையத்தோடு சேரும் வெல்டிங் கோட்டிலும் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். துளையிலிருந்து செந்நிறக் கோடு ஒன்று வெளிப்புறமாக வழிந்திருந்தால், அந்த நட்டு நெடுநாளாகத் தளர்ந்து ஓடியிருக்கிறது. துளை முட்டை வடிவமாகியிருந்தால் அந்த டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். விரிசலை வெல்டிங் வைத்து அடைத்துத் தரச் சொல்லி யார் கேட்டாலும் நாங்கள் செய்வதில்லை.

வடசென்னை வண்டிகளில் இன்னொரு கேடு உண்டு. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் நிற்கும் வண்டிகளின் டிஸ்க், வெளியே வண்ணம் மின்னினாலும், டியூபுக்கும் டிஸ்க்குக்கும் இடையிலுள்ள ரப்பர்ப் பட்டையான ஃபிளாப்புக்கு அடியில் உப்புக் காற்றில் துருப்பிடித்து அடுக்கடுக்காக உரிந்து வரும். அந்தச் செதில்தான் டியூபை அறுக்கிறது. காரணம் தெரியாமல் மாதம் ஒரு பஞ்சர் ஆகிறது என்று வருபவர்களின் வண்டியில் பெரும்பாலும் இதைத்தான் காண்கிறோம்.

லாக் ரிங் உள்ள டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றலாமா?

கூடாது. இது மட்டும் வேண்டுகோளாகவே இருக்கட்டும். டயர் கழலாதபடி டிஸ்க்கின் ஓரத்தில் பொருத்தும் லாக் ரிங் தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் காற்று ஏறினால், அந்த இரும்பு வளையம் பீரங்கிக் குண்டு போலப் பாயும்; எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. வண்டியிலிருந்து சக்கரத்தை இறக்கும் முன்பே வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். ஜோடிச் சக்கரமாக இருந்தால் இரண்டிலும். காற்று ஏற்றுவது இரும்புக் கூண்டுக்குள், நீளமான குழாய் வைத்து, ஆள் விலகி நின்று. ஒரு டிஸ்க்கின் ரிங்கை இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றிப் போடக் கூடாது. கூண்டு இல்லாத கடையில் லாக் ரிங் டிஸ்க்குக்குக் காற்று பிடிக்காதீர்கள். அடுத்த கடை தொலைவில் இருந்தாலும் அங்கேயே செல்லுங்கள்.

டியூப்லெஸ்ஸாக மாற்றிவிடலாமா?

லாக் ரிங் உள்ள டிஸ்க்கில் முடியாது, அந்த இடைவெளி வழியே காற்று போய்விடும். ஒற்றைத் துண்டாக உள்ள 15, 16 அங்குல டிஸ்க்கிலும், டயரின் ஓரத்தை நழுவாமல் பிடிக்கும் மேடு இருந்தால்தான் பாதுகாப்பு. பழைய டிஸ்க்குகள் பலவற்றில் அது கிடையாது.

முறையான வழி, 17.5 அங்குல டியூப்லெஸ் டிஸ்க்குக்கு மாறுவது. இங்கே டயரின் மொத்த உயரத்தைக் கணக்கிட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். 7.50-16 டயரின் மொத்த விட்டம் சுமார் 805 மில்லிமீட்டர். 235/75 ஆர் 17.5 டயருக்கு 797 மில்லிமீட்டர். வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுதான், ஸ்பீடாமீட்டர் ஏறக்குறைய உண்மையே பேசும். 215/75 ஆர் 17.5 போட்டால் 767 மில்லிமீட்டர். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 57-இல்தான் ஓடும், அதே வேகத்துக்கு இன்ஜின் நூற்றுக்கு ஐந்து கூடுதலாகச் சுழலும், அடித்தட்டும் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தாழும். ஏற்கெனவே தண்ணீர்க் குழாயும் கழிவுத் தொட்டியும் அடியில் தொங்கும் வண்டிக்கு அந்த இரண்டு சென்டிமீட்டர் பெரிது.

டிஸ்க் வாங்கும்போது போல்ட் எண்ணிக்கை, போல்ட் வட்டத்தின் விட்டம், நடுத்துளையின் விட்டம், பிரேக் டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் இடையே உள்ள இடைவெளி, நட்டு உட்காரும் பரப்பு கூம்பா தட்டையா என்பது, ஆஃப்செட் (டிஸ்க்கின் நடுக்கோட்டிலிருந்து அச்சோடு பொருந்தும் பரப்பு விலகியிருக்கும் அளவு) ஆகிய அனைத்தும் பொருந்த வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் அதை வாங்க வேண்டாம். துளையைக் கடைந்து பொருத்தித் தருகிறேன் என்பவரிடமிருந்து விலகி வந்துவிடுங்கள்.

அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம்களுக்குச் சக்கரத்தையே மாற்றினார்களாமே, ஏன்?

1973 முதல் 1978 வரை தயாரான ஜிஎம்சி மோட்டார்ஹோமைப் பற்றிக் கேட்கிறீர்கள். முன் சக்கரங்களால் இழுக்கப்படும், பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் வரிசையாக உள்ள வண்டி அது. அதற்கு 16.5 அங்குல டிஸ்க் கொடுத்தார்கள். நாளடைவில் அந்த அளவில் நல்ல டயர் கிடைப்பது அரிதானதால், உரிமையாளர்கள் 16 அங்குல டிஸ்க்குக்கு மாறினார்கள்.

நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 16 அங்குல டிஸ்க்கில் டயர் உட்காரும் பரப்பின் சாய்வு 5 பாகை, 16.5 அங்குல டிஸ்க்கில் 15 பாகை. 16 அங்குல டயரை 16.5 அங்குல டிஸ்க்கின் மேல் வலிந்து ஏற்றிவிட முடியும், ஆனால் அது ஒருபோதும் சரியாக உட்காராது. உட்கார வைக்கக் காற்றைக் கூட்டிக்கொண்டே போனால், ஓரத்திலுள்ள எஃகுக் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். இவ்வாறு உயிர்கள் போயிருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய வண்டியையோ டிஸ்க்கையோ வாங்கினால், அதில் பொறித்துள்ள எண்ணைத் துடைத்துப் படிக்காமல் எந்த டயரையும் ஏற்றாதீர்கள்.

அகலமான டயர், அலாய் சக்கரம், ஸ்பேசர் போடலாமா?

சக்கரத்தை வெளியே தள்ள டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் இடையே வைக்கும் ஸ்பேசர் வேண்டாம், அது பேரிங்கின் மேல் விழும் சுமையைக் கூட்டுகிறது. அலாய் சக்கரத்தில் தாங்கும் எடை பொறிக்கப்பட்டிருந்து, அது உங்கள் எடைச் சீட்டுக்குப் போதுமானதாக இருந்தால் மட்டுமே யோசிக்கலாம். அகலமான டயரைப் பொறுத்தவரை, ஜோடிச் சக்கர வண்டியில் அதற்கு இடமே இருக்காது.

ஜோடி டயர்களில் கவனிக்க வேண்டியது என்ன?

இரண்டும் ஒரே வகை, ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானம் உடையவையாக இருக்க வேண்டும். இந்த அளவு டயர்களில் இரண்டின் விட்டமும் 6 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது. உயரமான டயர் தனியே சுமந்து சூடாகும், குட்டையானது தரையில் இழுபட்டுத் தேயும். சுமையோடு நிற்கும்போது, தரையை ஒட்டிய பகுதியில் இரண்டு டயர்களுக்கும் நடுவே விரல்கள் நுழைய இடம் இருக்க வேண்டும். உள் டயரின் வால்வு கைக்கு எட்டாததால் பலர் அதற்குக் காற்றே பார்ப்பதில்லை. உலோகத்தாலான வால்வு நீட்சி ஒன்றைப் பொருத்திவிட்டால் அந்தச் சாக்கு இல்லாமல் போகும். மணலிச் சாலையில் ஓடும் வண்டிகளில் இரண்டு டயர்களுக்கும் நடுவே ஜல்லிக்கல் சிக்கிக்கொள்வது வழக்கம், இரவில் வண்டியை நிறுத்தும்போது டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

டயர் நிறுவனத்தின் சுமை-காற்று அட்டவணையில் உங்கள் டயருக்கு வரும் சுமையைப் பார்த்து, அதற்குரிய அளவை வையுங்கள். ஒரே அச்சில் உள்ள டயர்களுக்கு, அதிகம் சுமக்கும் பக்கத்தின் அளவே இருபுறமும். காலையில், ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். 80 பிஎஸ்ஐ வைத்த டயர் 10 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ கூடுவது இயல்பு. வழியில் கூடிவிட்டது என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவான காற்றோடு புறப்படுவீர்கள். தேவையான காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த நிலையில் ஓடிய ரேடியலைக் கழற்றி உட்புறம் பார்க்காமல் மீண்டும் காற்று ஏற்றக் கூடாது. உள்ளே எஃகு நூல்கள் நைந்திருந்தால், காற்று ஏறும்போது பக்கச்சுவர் ஜிப் திறப்பது போலக் கிழிந்து வெடிக்கும்.

டயரின் பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) நன்றாக இருக்கிறது. ஏன் மாற்ற வேண்டும்?

இந்தக் கேள்வியை நானே ஒருமுறை கேட்டேன். எங்கள் சொந்த வண்டியை வாங்கியபோது, பின் டயர்கள் நான்கும் புதியவை போலவே இருந்தன. விற்றவரும் அப்படியே சொன்னார். திருப்பதிக்குப் புறப்பட்டுச் சூளூர்ப்பேட்டையைத் தாண்டியதும் பின் இடப்பக்க உள் டயர் வெடித்தது. அதன் துண்டு மேல்நோக்கி அடித்ததில் அடித்தட்டும் தண்ணீர்க் குழாயும் உடைந்து, என் அம்மா படுத்திருந்த கட்டிலுக்குக் கீழேயிருந்த பலகை பிளந்தது. யாருக்கும் காயமில்லை. சாலையோரத்தில் அமர்ந்து கிழிந்த டயரைப் புரட்டியபோதுதான், வண்டியின் உட்பக்கம் பார்த்திருந்த பக்கச்சுவரில் 1108 என்ற எண்ணைக் கண்டேன். 2008-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரம் என்று பொருள். நாங்கள் சென்றதோ 2019 கோடையில்.

நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. பெரும்பாலும் அது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், ஆகவே வண்டிக்கு அடியில் படுத்தும் தேட வேண்டும். லாரி டயர் தேய்ந்து சாகிறது, கேரவன் டயர் ஓடாமல் நின்றே சாகிறது. ஆறு ஆண்டுகள் ஆனதும் ஒவ்வோர் ஆண்டும் கழற்றிச் சோதியுங்கள். பத்து ஆண்டு ஆனதை, தேயாமல் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். ரீட்ரெட் செய்த டயர் லாரிக்குச் சரி, கேரவனுக்கு வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்: மேலே ஒட்டிய ரப்பர் புதியதானாலும் உள்ளே இருக்கும் உடல் பழையது.

அளவு மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டுமா?

வண்டி நிறுவனம் அந்த மாடலுக்கு அனுமதித்துள்ள அளவுகளுக்குள் மாற்றுவதில் சிக்கல் எழுவதில்லை. அதைத் தாண்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு குறுக்கே வரும். பதிவுச் சான்றில் உள்ள விவரம், நிறுவனத்தின் மூல வடிவமைப்பிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. வேனைக் கேரவனாக்கியதே பதிவில் ஏற வேண்டிய மாற்றம்தான். டயரை வாங்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

நட்டு முடுக்குவதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, எதிரெதிராக முடுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் அடித்து அனுப்பிவிட்டால் போல்ட் நீண்டுபோகும். டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் இடையே புதிதாக அடித்த வண்ணம் தடித்திருந்தால், அது நசுங்கியதும் நட்டு தளரும். முதல் 80 முதல் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி மீண்டும் முடுக்குங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடப்புரி மரை உடையவை. கழற்றுவதாக நினைத்து முடுக்கிப் போல்ட்டை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அலைன்மெண்ட் மீண்டும் செய்ய வேண்டுமா?

ஆம். ரேடியல் போட்டால், முன் சக்கரங்களின் முன்பக்கம் ஒன்றையொன்று நோக்கி உள்ளே திரும்பியிருக்கும் அளவு (டோ-இன்) நைலானை விடக் குறைவாக இருக்க வேண்டும்.

மழைநீரில் நின்ற வண்டியின் டயரை என்ன செய்வது?

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தேங்கிய நீரைக் கடந்தால், அன்றே சக்கரங்களைக் கழுவி, பிரேக் டிரம்மையும் ஹப் கிரீஸையும் பார்க்கச் சொல்லுங்கள். நீரில் எண்ணெய் கலந்திருந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் எண்ணெய் பரவியதை இங்கே யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பல வாரங்கள், பக்கச்சுவர் ஊறி உப்பிய டயர்கள் எங்களிடம் வந்தன. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை இளக்கிவிடும். அதை டீசலாலோ மண்ணெண்ணெயாலோ துடைப்பது மேலும் கேடு. சோப்பு நீரால் கழுவி நிழலில் உலரவிட்டு, நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்த தடம் மறையாமல் நின்றால் அந்த டயரைக் கழற்றிவிடுங்கள்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால், ஈர மணலில் நேரடியாக நிறுத்தாமல் சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு, தொட்டி நீரை வடித்துவிட்டு, டயரின் மேல் வெயில் படாதவாறு துணி உறை மாட்டுங்கள். பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருந்தால் வேறு இடம் பாருங்கள். வெல்டிங் பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரில் நுண்விரிசல் விழச் செய்யும்.